பாடுதுன்னு சொல்லுங்க

சிடியின் நடு ஓட்டைக்குள் சுண்டுவிரலை விட்டு, ஜன்னல் வெளிச்சத்தில் அதை மெதுவாகச் சாய்த்துச் சாய்த்துப் பார்க்கிறார் கண்ணாடிக்கடை அக்கா. மூக்குக் கண்ணாடி நெற்றிக்கு ஏறியிருக்கிறது. ஒரு கண் சுருங்கியிருக்கிறது. தோளில் கைப்பை தொங்குகிறது. அவர் பார்த்து முடிக்கும்வரை வீட்டுக்காரர்கள் மூச்சு விடலாம், பேசக் கூடாது. பேசினால், "சிடி வாய் திறக்கலைன்னுதானே கூப்பிட்டீங்க, நீங்க ஏன் திறக்கறீங்க" என்பார்.

அடுத்தது விசாரணை. "கடைசியா எப்போ பாடிச்சு? யாரு எடுத்து வெச்சது? வெச்ச கையில என்ன இருந்துச்சு?" சிடியின் பின்பக்கத்தில் விழுந்த ரேகைகளை வைத்தே ஆளைப் பிடித்துவிடுவார். ஒரு வீட்டில், "பெரிய கட்டைவிரல், முட்டிக்குத் தைலம் தேய்ச்ச கை" என்றார். சோபாவில் உட்கார்ந்திருந்த வீட்டுப் பெரியவர் சத்தமில்லாமல் கட்டைவிரலை உள்ளே மடக்கிக்கொண்டார்.

பிழைப்பு கடைத்தெருவில், ஒரு மூக்குக் கண்ணாடிக் கடையின் பின்னறையில். லென்ஸை ஃபிரேமின் அளவுக்குத் தேய்த்து, பொருத்தி, காதுப்பக்கத் திருகை இறுக்கி, துடைத்து முன்னால் அனுப்புகிற வேலை. ஐம்பதைத் தாண்டியவர். விடுமுறை நாட்களில் யார் வீட்டு ஸ்டீரியோவிலாவது எந்த சிடியாவது பாடாமல் முரண்டு பிடித்தால், தகவல் எப்படியோ அவருக்குப் போய்ச் சேர்ந்துவிடும். இதை அவருடைய தொழில் என்று சொன்னால் கோபம் வரும். பொழுதுபோக்கு என்று சொன்னால் இன்னும் அதிகமாக வரும்.

தொடங்கியது சொந்த வீட்டில்தான். வீட்டு சிடி பிளேயர் ஒருநாள் நின்றுபோக, வேன் ஓட்டும் கணவர் அதைக் கழித்துக்கட்டப் பார்த்தாராம். அக்கா கடையிலிருந்து கொண்டுவந்த குட்டித் திருப்புளியால் மூடியைக் கழற்றினார். உள்ளே பயறு அளவில் ஒரு லென்ஸ், மேலே தூசி படிந்து, மேல்நோக்கிப் பார்த்துக்கொண்டிருந்தது. "பார்த்ததும் சிரிப்பு வந்துடுச்சு. நம்மாளு ஒருத்தன் உள்ள உட்கார்ந்து, கண்ணு தெரியாம தவிச்சுக்கிட்டிருக்கான்." அன்றைக்குத் துடைக்க ஆரம்பித்த கை இன்னும் நிற்கவில்லை. "எங்க வீட்ல இவ இன்னும் கழட்டிப் பார்க்காதது என்னை மட்டும்தான்" என்று கணவர் சொல்வார். சொல்லும்போது அவர் முகத்தில் கொஞ்சம் பெருமை இருக்கும்.

சிடியை வட்டமாகத் துடைப்பவர்களைக் கண்டால் அக்காவுக்கு ஆகாது. நடுவில் தொடங்கி விளிம்புக்கு, நேர்கோட்டில் இழுக்க வேண்டும். "குறுக்க ஒரு கீறல் விழுந்தா மெஷின் தாண்டிக் குதிச்சுப் போயிடும். நீங்க வட்டமா துடைச்சா பாட்டு போற வழி நெடுக கீறல் விழுது. அது எங்க போகும், பாவம்." இதைச் சொல்லிவிட்டு, துணியை வீட்டுக்காரர் கையிலேயே கொடுத்து, அவரையே துடைக்கவைத்து, பக்கத்தில் நின்று பார்ப்பார். கோணலாகப் போனால் முழங்கையில் தட்டு விழும். நான் ஒருமுறை வாங்கியிருக்கிறேன்.

அவர் வெற்றிக் கதைகளை அவரே சொல்லிக் கேட்க வேண்டும். அடக்கம் என்ற பொருள் அந்தக் கைப்பையில் கிடையாது. ஒரு வீட்டில் இரண்டு சிடிகளை ஒட்டினாற்போல ஒன்றாகப் போட்டு, ஸ்டீரியோ செத்துவிட்டது என்று துக்கம் காத்துக்கொண்டிருந்தார்கள். இன்னொரு வீட்டில் அழகுக்காக சிடியின் மேல் தடித்த காகிதத்தில் பூப்படம் ஒட்டியிருந்தார்கள். அது உள்ளே தள்ளாடித் தள்ளாடிச் சுற்றியது. ஒரு டியூஷன் வாத்தியார் கம்ப்யூட்டரிலிருந்து நூறு பாட்டுகளை ஒரே சிடியில் திணித்துக்கொண்டுவந்து, பழைய ஸ்டீரியோவிடம் நீட்டினார். "அதுக்கு அந்த பாஷை தெரியாது சார். தெரிஞ்ச பாஷையில எழுதிக் குடுங்க" என்று பாட்டு சிடியாகவே மறுபடி பதியவைத்தார் அக்கா. ஒரு வீட்டில் சிடி, செட் இரண்டுமே நன்றாக இருந்தன. செட்டின் பட்டன் மட்டும் ரேடியோவில் நின்றிருந்தது. அந்த வீட்டைப் பற்றிச் சொல்லும்போது அக்கா சுவரில் சாய்ந்துகொண்டு சிரிப்பார்.

அவரிடம் தோற்ற சிடிகளும் உண்டு. அவற்றைத் தோல்வி என்று ஒப்புக்கொள்ள மாட்டார். சமையலறை இழுப்பறையில் தனியாகப் படுக்கவைத்திருக்கிறார். "செத்துப்போச்சுன்னு யாரும் சொல்லாதீங்க. இன்னும் பாடலை, அவ்வளவுதான்."

வேடிக்கை என்னவென்றால், பாட்டில் அவருக்குத் துளியும் ஆசை கிடையாது. பிடித்த பாட்டு எது என்று கேட்டால், "எது தடங்கல் இல்லாம ஓடுதோ அது" என்பார். சிடி பாட ஆரம்பித்து ஒரு வரி போவதற்குள் கதவருகே நிற்பார். யார் வீட்டிலும் உட்கார்ந்தது கிடையாது. வேலை செய்யும்போதும் பை தோளிலிருந்து இறங்காது. திருகைக் கழற்றக் குனியும்போது அது சரிந்து சரிந்து முன்னால் வரும். முழங்கையால் பின்னே தள்ளிக்கொள்வார். கீழே வைக்கச் சொன்னால், "வெச்சா உட்காரச் சொல்வீங்க. உட்கார்ந்தா கதை சொல்வீங்க" என்பார்.

கூலியாக அவர் கேட்பது ஒன்றே ஒன்று. சிடி பாடாது என்று அந்த வீட்டில் யார் அடித்துப் பேசினாரோ, அவர் எல்லோர் முன்னாலும் வாய்விட்டு "பாடுது" என்று சொல்ல வேண்டும். அதைக் காதால் கேட்காமல் படியிறங்க மாட்டார். பெரிய உத்தியோகத்தில் இருக்கிற ஒருவர் கூச்சப்பட்டு இழுத்தடித்ததில், அக்கா வாசலை மறித்து நின்றதாகவும், அலுவலகத்துக்கு நேரமாகிவிட்டதால் அவர் செருப்பை மாட்டிக்கொண்டே "பாடுது, பாடுது" என்று இரண்டு தடவை சொன்னதாகவும் கேள்வி.

இவ்வளவும் தெரிந்துதான் எங்கள் வீட்டுக்கு அவரைக் கூப்பிட்டேன். எங்கள் வீடு என்றால் முதல் மாடி மாமனார் வீடு, இரண்டாம் மாடி நாங்கள். மாமனார் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். அவர் குரலை இப்போது கேட்டால், தகரத்தை ரோட்டில் இழுப்பது போல இருக்கும். உள்ளே போ, முன்னே போ, படியில நிக்காதே என்று காலமெல்லாம் கத்தியதன் பலன். இந்தக் குரலை வைத்துக்கொண்டு அவர் சொல்லும் ஒரு கதைதான் எங்கள் குடும்பத்தின் நிரந்தரச் சிரிப்பு. டிப்போ ஆண்டு விழாவில் ஒருமுறை மேடையேறிப் பாடினாராம். பாடி முடித்ததும் கூட்டமே எழுந்து ஒன்ஸ் மோர் கேட்டதாம்.

அதைப் பார்த்தவர்கள் வீட்டில் யாரும் இல்லை. அதே நாளில்தான் மூத்த மகளுக்குப் பிரசவ வலி கண்டது. மாமியார் ஆஸ்பத்திரியில் இருந்தார். மாமனார் விழா முடிந்து வேர்க்க விறுவிறுக்க வந்து, ஒன்ஸ் மோர் கேட்டாங்க என்று ஆரம்பித்தபோது குழந்தை பிறந்திருந்தது. யார் காதிலும் அது ஏறவில்லை. பிறகு, நண்பர் பதிந்து கொடுத்த சிடியை வீட்டு ஸ்டீரியோவில் போட்டார். செட் சற்று நேரம் யோசித்து, சிடி இல்லை என்று எழுத்தில் சொன்னது. நண்பரோ டிப்போவில் போட்டுப் பார்த்தபோது அருமையாகப் பாடியது என்று சத்தியம் செய்தார். அப்புறம் அவர் வேறு ஊருக்கு மாறிப்போனார்.

அன்றிலிருந்து மாமியார் கையில் அது ஓர் ஆயுதம். மாமனார் எதைப் பற்றிக் கொஞ்சம் ஏற்றிச் சொன்னாலும், "ஆமாமா, இதுக்கும் ஒன்ஸ் மோர் கேட்டிருப்பாங்க" என்பார். விருந்தினர் வந்தால் மாமனார் சிடியை ஒரு தடவை போட்டுப் பார்ப்பார். அது வாய் திறக்காது. எல்லோரும் சிரிப்பார்கள். அவரும் கூடச் சேர்ந்து சிரிப்பார். அவரே சிரிக்கிறாரே என்று நாங்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை.

போன மாதம் மாமனார் வீட்டுப் பால்கனியில் புறாத் தொல்லை. பளபளவென்று எதையாவது கட்டித் தொங்கவிட்டால் வராது என்று யாரோ சொன்னார்கள். மறுநாள் காலையில் துணி காயப்போடப் போன என் மனைவி, கொடியில் ஒரு சிடி நூலில் ஆடிக்கொண்டிருப்பதைப் பார்த்தாள். கையால் எழுதிய தலைப்பைப் படித்ததும் அவளுக்குத் தெரிந்துவிட்டது. வீட்டில் தூக்கிப்போடுவதற்கு எத்தனையோ சிடிகள் இருக்க, அப்பா தேடி எடுத்து அதைக் கட்டியிருந்தார். அவள் அவிழ்த்துக்கொண்டு மேலே வந்தபோது கண் கலங்கியிருந்தது. "அவரே பொய்யின்னு ஒத்துக்கிட்ட மாதிரி இருக்கு. நமக்கு ஒரு சிரிப்பு. அவர் எவ்வளவு நாளா இந்த வேதனையை உள்ளே வெச்சிருந்தாரோ" என்றாள். அன்றே அக்காவுக்குச் சொல்லியனுப்பினேன்.

அக்கா வந்தார். சுண்டுவிரலை விட்டுச் சாய்த்துப் பார்த்தார். கூடத்தில் மாமனார், மாமியார், நாங்கள் இருவர்.

"நூல் கட்டின தடம் இருக்கே. எங்க தொங்கிச்சு?"

பால்கனியில் என்றேன். நெற்றியிலிருந்த கண்ணாடி தானாகவே இறங்கி மூக்கில் உட்கார்ந்தது. "வெயில்லயா? கம்பெனி சிடி இல்ல தம்பி இது, ஆளுங்க பதிஞ்சது. வெயில் பட்டா உள்ள இருக்கறது வெளுத்துடும். ஊறுகாயா, காய வைக்க?" நல்லவேளையாக அந்தப் பக்கம் வெயில் எட்டிப் பார்த்துவிட்டுப் போகிற பக்கம். மாமனார் மட்டும் தலையைக் குனிந்துகொண்டார்.

நடுவிலிருந்து விளிம்புக்குத் துடைத்தார். செட்டில் போட்டார். சிடி இல்லை என்றது. "அப்போ தப்பு மெஷின் மேல" என்று தீர்ப்பெழுதி, மூடியைக் கழற்றி, உள்ளிருந்த லென்ஸைப் பஞ்சால் ஒற்றி எடுத்தார். மற்ற சிடிகளைப் போட்டுப் பார்த்தால் முன்பைவிடத் துல்லியமாகப் பாடின. இதைப் போட்டால் மறுபடியும் அதே பதில். தீர்ப்பு தப்பாகிப்போனதில் அக்காவின் காதுமடல் சிவந்தது.

மாமியாரால் பொறுக்க முடியவில்லை. "ஏம்மா, பாட்டே இல்லாத சிடியைக் குளிப்பாட்டி என்ன பண்ணப்போறே? பதிஞ்சிருந்தாத்தானே பாடும். இவர் வாயில வந்த கதை அது."

மாமனார், "விடும்மா, போகட்டும்" என்றார். யாரைப் பார்த்துச் சொன்னார் என்று தெரியவில்லை.

அக்கா விடவில்லை. நான் பதிந்து வைத்திருந்த வேறு சிடிகளைக் கேட்டு வாங்கி, அதையும் இதையும் பக்கத்தில் வைத்து ஜன்னலோரம் நின்றார். பை சரிந்தது. தள்ளிக்கொண்டார். மறுபடி சாய்த்தார். பிறகு திரும்பி, மாமியாரைக் கை காட்டிக் கூப்பிட்டார். "இங்க வாங்கம்மா. இந்த இடம் கொஞ்சம் கருப்பா, வளையமா தெரியுதா? அதுக்கு வெளிய எல்லாம் வெளிறிக் கிடக்கு பாருங்க. கருப்பா இருக்கறது எழுதின இடம். வெறும் சிடி இப்படி இருக்காது. இதுல என்னமோ இருக்கு."

மாமியார் பார்த்தார்.

"இப்போ தம்பியோட சிடியைப் பாருங்க. நடு ஓட்டைக்குப் பக்கத்துலயே கருப்பு ஆரம்பிக்குது. ஐயாவோடதுல அங்க ஒரு மெல்லிசு வளையம் எழுதாம காலியா கிடக்கு. நான் முதல்லயே இதைப் பார்த்திருக்கணும். வந்ததும் துடைக்கற புத்தி எனக்கு." தன் தலையில் தானே ஒரு குட்டு வைத்துக்கொண்டார். அந்தக் குட்டிலும் சந்தோஷம் தெரிந்தது. பாட்டைப் பதிந்தவர் கடைசியில் சிடியை மூடவில்லை என்று விளக்கினார். மூடினால்தான் முதல் வளையத்தில் பொருளடக்கம் எழுதப்படும். வீட்டு ஸ்டீரியோ முதலில் அதைத்தான் தேடும். அது இல்லையென்றால் புத்தகமே இல்லை என்று சொல்லிவிடும். பதிவு மெஷின்களுக்கு மட்டும் பொருளடக்கம் இல்லாமலே படிக்கத் தெரியும். "அதனாலதான் டிப்போவில, பதிஞ்ச மெஷின்ல பாடிச்சு. உங்க ஃபிரெண்டும் பொய் சொல்லலை. ஐயாவும் சொல்லலை."

மாமனார் நிமிர்ந்து பார்த்தார். அந்த வார்த்தையை அந்த வீட்டில் யாரும் அவருக்குச் சொன்னதில்லை.

"ஏதோ இருக்குங்கறே. ஒன்ஸ் மோர் இருக்குன்னு யாரு கண்டா" என்றார் மாமியார். குரலில் பழைய வேகம் கொஞ்சம் குறைந்திருந்தது.

அக்காவுக்கு வேண்டியது ஒரு பதிவு மெஷின். கண்ணாடிக்கடைக்கு எதிரில் இருக்கும் போட்டோ ஸ்டூடியோவில் ஒன்று, பூச்சாடிக்கு மேடையாக உட்கார்ந்திருந்ததாம். சாடியை இறக்கித் தரையில் வைத்துவிட்டு, மெஷினைப் பழைய போர்வையில் சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்தே கொண்டுவந்தார் அடுத்த ஞாயிற்றுக்கிழமை. பக்கத்து சீட்டுப் பெண் குழந்தை என்று நினைத்து எட்டிப் பார்த்தாளாம்.

கூடத்தில் கட்டளைகள் பறந்தன. ஃபேனை நிறுத்தச் சொன்னார், மேஜை அதிரக் கூடாதாம். மிக்ஸி, அயர்ன் பாக்ஸ் எதையும் தொடக் கூடாது. "மூடும்போது கரெண்ட் போச்சுன்னா எல்லாம் போச்சு. ஒரே சான்ஸ்." சிடி உள்ளே போனது. மெஷின் நிதானமாகச் சுற்றி, ஒரு பாட்டு இருப்பதாக எண் காட்டியது. இதிலேயே போட்டுக் கேட்டுவிடலாமே என்று நான் ஆவலை அடக்காமல் சொன்னேன். அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இங்க பாடினா என்ன பெருமை? எந்த செட்டு இல்லைன்னு சொல்லிச்சோ, அதுதான் பாடணும்." மூடும் பட்டனை அழுத்தினார்.

மெஷின் உறுமிக்கொண்டிருந்த நேரம் முழுவதும் மாமனாரைத் தவிர ஒருவரும் அசையவில்லை. அவர் மட்டும் நிற்க முடியாமல் பால்கனிக்குப் போய், புறாக்கள் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். என் மனைவி என் கையைப் பிடித்திருந்தாள். வலித்தது. பரவாயில்லை என்று விட்டுவிட்டேன்.

உறுமல் நின்றது. அக்கா சிடியை எடுத்து ஜன்னலில் சாய்த்துப் பார்த்தார். நடு ஓட்டைக்குப் பக்கத்தில் காலியாக இருந்த வளையம் கருத்திருந்தது. "எழுதிடுச்சு" என்றார். வீட்டு ஸ்டீரியோவின் வாயில் வைத்துத் தள்ளினார். செட் வழக்கம்போல யோசித்தது. யோசித்து, ஒன்று என்று எண் காட்டியது.

முதலில் வந்தது மைக்கின் கீச்சுச் சத்தம். நாற்காலிகள் இழுபட்டன. "அடுத்ததா நம்ம கண்டக்டர் பாடப்போறாராம், டிக்கெட் எடுத்துட்டு கேளுங்க" என்று ஒருவர் சொல்ல, கூட்டம் சிரித்தது. அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் ஒரு குரல் எழுந்தது.

என் மாமனாரின் குரலா அது என்று நான் பால்கனியைத் திரும்பிப் பார்த்தேன். கனமான, ஈரமுள்ள, எங்கும் அவசரப்படாத குரல். மேலே போக வேண்டிய இடத்தில் சிரமமே இல்லாமல் போனது. அங்கே நின்றது. இறங்கி வந்தது. டிப்போ கூட்டம் மூச்சுக் காட்டவில்லை. நடுவில் ஓர் இடத்தில், வெயில் தின்ற இடமாக இருக்க வேண்டும், பாட்டு திக்கியது. அக்கா பதறி செட்டின் தலையில் உள்ளங்கையை வைத்தார். திக்கிய பாட்டு சுதாரித்துக்கொண்டு மேலே போயிற்று. வழக்கமாக முதல் வரியிலேயே கதவருகே நிற்பவர், கையை எடுக்காமல் அப்படியே நின்றார்.

பாட்டு முடிந்தது. ஸ்பீக்கரில் ஒன்றும் இல்லை. கைத்தட்டல்கூட இல்லை. மாமனார் பால்கனிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் பார்த்துக்கொண்டிருந்தது ஸ்டீரியோவை அல்ல, மாமியாரை.

எங்கோ பின்வரிசையிலிருந்து ஒரே ஒரு குரல் வந்தது. "கண்டக்டரே, ஒன்ஸ் மோர்." பிறகு இன்னொன்று. அப்புறம் கூடமே இடிந்து விழுவது போலக் கைத்தட்டல். கண்டக்டர்கள் அத்தனை பேரும் சட்டைப்பையிலிருந்த விசிலை எடுத்து ஊத ஆரம்பித்துவிட்டார்கள். ஒன்ஸ் மோர், ஒன்ஸ் மோர் என்ற கூச்சலும் விசிலும் சேர்ந்து ஸ்பீக்கர் அதிர்ந்தது. அந்த ஆரவாரத்தின் நடுவிலேயே பதிவு அறுந்து நின்றது. என் மனைவி அழுதுகொண்டே சிரித்தாள். எனக்கும் ஏறக்குறைய அதே நிலைதான். மாமனார் நெஞ்சை நிமிர்த்தி நின்ற நிற்பில், ஒரு பஸ்ஸையே தனியாகத் தள்ளிவிடுவார் போல இருந்தது.

அக்கா மாமியார் பக்கம் திரும்பினார். கூலி வாங்கும் நேரம். "சொல்லுங்கம்மா. பாடுதுன்னு சொல்லுங்க."

மாமியார் அவரைப் பார்க்கவில்லை. பால்கனிக் கதவருகே நின்றவரையும் பார்க்கவில்லை. ஸ்டீரியோவைப் பார்த்தபடி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "பிரசவ வார்டுல உட்கார்ந்திருந்தேனே" என்றார் தனக்குத்தானே. பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, தெளிவாகச் சொன்னார்:

"எங்கே, ஒன்ஸ் மோர்."

அக்கா பட்டனை அழுத்தினார். மைக் மறுபடி கீச்சிட்டது, நாற்காலிகள் இழுபட்டன. அக்கா தோளிலிருந்த கைப்பையைக் கழற்றித் தரையில் வைத்துவிட்டு, மாமியாருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.